போச்சானொத்

பஹாவ் எண்ணெய் ஆலையின் எடைமேடையில்
ஒரு லோரி இறங்கி மறு லோரி ஏற
நாலு நிமிஷம் ஆகும்.
நாலு நிமிஷத்துக்கு ஒரு சொல் என்று கணக்கு வைத்து
டிராயரில் போட்டிருக்கிறேன்
ஏஜெண்ட் கோ கொடுத்த ஆறு தாளை.
வரும் மார்ச்சில் ஹங்கேரி. தெப்ரெத்ஸென் என்று ஊர்.
பேட்டரி தொழிற்சாலை, இரண்டு வருஷம்,
குளிர்ச்சட்டை அவர்கள் செலவு.

முதல் தாள் மரியாதைச் சொற்களில் தொடங்குகிறது.

கொஸொனொம். நன்றி.
உதட்டை ஒ-வுக்குக் குவி,
குவித்தபடியே எ சொல்லு
என்கிறாள் போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்.
சொல்லிப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு வெளியே நின்ற லொம்போக் பையன்
"பல்வலியா காக்?" என்று மலாயில் கேட்டுவிட்டு
கிராம்பு வாங்கித் தரட்டுமா என்றான்.

கேரெம். தயவுசெய்து.
இது சுலபம், பலகையும் பவுடரும் போதும்.
எந்தச் சொல்லானாலும் முதல் அசையில்தான் அடி விழணும்,
ஸ்ட்ரைக்கர் போல. பிறகு தானாக உருண்டு போகும்.

ஸியா. பழகியவர்களுக்கு மட்டும்.
வந்தாலும் ஸியா போனாலும் ஸியா.
மலாயில் இதையே இரண்டு தரம் சொன்னால்
வீண், வெட்டி, பாடுபட்டதெல்லாம் தண்டம்.
நான் ஒரு தரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தெஷ்ஷேக் மட்டும் பிடிபடவில்லை.
பொருளை நீட்டினாலும் அது,
கதவைத் திறந்து உள்ளே விட்டாலும் அது,
காதில் விழாததைத் திரும்பக் கேட்டாலும் அதுவே.
நம் "ம்" மாதிரி இருக்கும் போல.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும்
நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.
மீன்குழம்பில் தலையை
மற்றவன் தட்டுக்குத் தள்ளினால்
அன்றைக்கு மன்னிப்புக் கேட்டாயிற்று என்று அர்த்தம்.
தள்ளியவன் பேசமாட்டான். தின்றவனும்.

மூன்றாம் தாள், கடைசி வரி:
போச்சானொத். மன்னிக்கவும்.
நாக்கு மடங்கவே இல்லை.
பாதிச் சொல் ஏற்கெனவே என்னிடம் இருந்தது.

3816 லோரி என் தம்பி பரஞ்சோதியுடையது.
ஒரு நாளைக்கு மூன்று நடை செம்பனைக் குலை.
ஏற்றிய எடை, காலி எடை, கழித்தது போக மிச்சம்
என்று சீட்டு அடித்துக் கண்ணாடித் துளையில் நீட்டுவேன்.
உருவிக்கொண்டு போவான்.
இரண்டு வருஷம் ஏழு மாதமாக
எங்களுக்குள் நடக்கும் பேச்சு அந்தச் சீட்டுதான்.

அப்பா வீட்டை விற்ற பத்திரத்தில்
அவன் கையெழுத்தையும் நானே போட்டேன்.
பங்கை ஒரு சென் குறையாமல் பிரித்தேன்.
வாங்கியவன் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.
அவனைக் கேட்கவில்லை.
அவ்வளவுதான் என்று இத்தனை நாளும்
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை இரண்டாம் நடை.
பதினொன்று டன், சில்லறை.
சீட்டு மெஷினில் கிர்ரென்று வந்துகொண்டிருந்தபோது
வாயில் ஊறிக் கிடந்தது தவறி விழுந்தது:
"போச்சானொத்."
தமிழில் சொல்லியிருந்தால் தொண்டையோடு நின்றிருக்கும்.

கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கினான்.
காதோரம் நரைத்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை.

"என்ன போச்சு?"

எத்தனையோ போச்சு.
எதிலிருந்து சொல்ல.
சீட்டை நீட்டி "தெஷ்ஷேக்" என்றேன்.
"என்னக்கா, வாயில புண்ணா?"

அக்கா என்றான். அதைக் கவனித்தானா தெரியாது.
சீட்டை வாங்கினான், எடையைப் பார்க்கவில்லை.
என்ஜினை அணைத்தான்.
பின்னால் மூன்று லோரி ஹார்ன் அடிக்கிறது.

போச்சானொத் என்றால் எதிரில் இருப்பவர்
என்ன பதில் சொல்லவேண்டும் என்பது
நாலாம் தாளில் இருக்கிறதாம்.
நான் இன்னும் அங்கே போகவில்லை.